புருஷன் பெயரும் எட்டு நாள் கழிவும்

எங்கள் பக்கத்துக் குடும்பஸ்தர்கள் அகால மரணம் அடைவதற்குக் காரணம் மலேரியாக் காய்ச்சல் என்று சர்க்கார் டாக்டர்கள் நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது தவறு என்று கண்டுபிடித்துச் சொன்னவர் தர்மபானு சுருளியாண்டி பண்டிதர். கொசுவில் ஒன்றுமில்லை, பெண்டாட்டி தன் வாயால் புருஷன் பெயரைச் சொல்வதில்தான் எல்லாம் இருக்கிறது என்றார். ஒரு தடவை சொன்னால் புருஷனின் ஆயுளில் எட்டு நாள் கழிவு.

"அதென்ன எட்டு? ஏழுன்னு இருக்கக் கூடாதா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"ஏழுன்னா ஞாயித்துக்கிழமை லீவு விடுற வெள்ளைக்காரன் கணக்காப் போயிரும்" என்றார் பண்டிதர். கேட்டவர் உட்கார்ந்துவிட்டார்.

நான் அப்போது பஞ்சாயத்து போர்டில் குமாஸ்தா. ஊர் கம்பத்துக்கும் காமயகவுண்டன்பட்டிக்கும் இடையில் இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொன்னால் எனக்குப் பென்ஷன் வராது, ஆகையால் அதை விட்டுவிடுங்கள். 'தர்மபானு' என்ற பட்டம் பண்டிதருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்: மதுரையில் ஓர் அச்சாபீஸிலிருந்து, நோட்டீஸோடு சேர்ந்து வந்தது.

பண்டிதர் 'ஆசார ரட்சகன்' என்று ஒரு மாதப் பத்திரிகை நடத்தினார். இங்கிலீஷ் படிப்பு குலநாசம் என்று அதில் எழுதுவார். மகன் மதுரையில் வெள்ளைக்காரன் காலேஜில் படித்தான். எதிரியின் ஆயுதத்தை அறிந்து வரப் போயிருக்கிறான் என்று விளக்கம் சொன்னார். சீமை மருந்து தீட்டு என்பார். காய்ச்சல் வந்தால் கொயினா மாத்திரையைத் தேனில் குழைத்து, 'கசப்புத் தீர்த்தம்' என்று பெயர் வைத்துச் சாப்பிடுவார். பெயர் மாறினால் பொருளும் மாறிவிடும் என்பது அவருடைய சாஸ்திரம்.

ஆனால் அவருடைய முழு ஆத்திரமும் ஊர்ப் பெண் பள்ளிக்கூடத்தின் மேல்தான். ஒரே அறை, ஒரே வாத்தியாரம்மா, இருபத்து மூன்று சிறுமிகள். வாத்தியாரம்மா பெயர் ஞானசெல்வி. ஆண்டிபட்டிப் பக்கத்துக்காரி, ஒற்றை நாடி உடம்பு, குரல் மட்டும் கணீரென்று இருக்கும். காலையில் சிறுமிகளுக்குப் பாடம் நடத்துவாள். மத்தியானம் இரண்டு மணிக்கு, வீட்டுப் பெண்களுக்குத் தையல் வகுப்பு.

தையலைப் பண்டிதர் ஆட்சேபிக்கவில்லை. ஊசி பிடித்த கை சும்மா இருக்காது என்று அவரே எழுதியிருந்தார். அவர் மனைவி சந்தனம்மாளும் தையல் வகுப்புக்குப் போனாள். மூன்று வருஷமாக ஒரு ரவிக்கை தைத்தாள். அது இன்னும் முடியவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு தலையணை உறை இரண்டு வருஷமாகத் தைபட்டுக்கொண்டிருந்தது. பொம்பளைகள் வேலை மெதுவாகத்தான் நடக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

இந்த நிலையில் போர்டுத் தலைவர் தேர்தல் வந்தது. பண்டிதர் நின்றார். 'யாம் வென்றால் முதல் தீர்மானம், பெண் பள்ளிக்கூடத்தை இழுத்துச் சாத்துவதே' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்தார். எதிர்த்து நின்றவர் அரிசி மில் அழகுமலை, சீர்திருத்தக்காரர். மேடையேறினால் பெண் விடுதலைக்குக் குறைந்து பேச மாட்டார். பள்ளிக்கூடத்துக்குக் கட்டடமே கட்டித் தருவதாகச் சொன்னார். ஞானசெல்விக்கு மட்டும் இரண்டு பேர் பேச்சையும் கேட்டுத் தூக்கம் போய்விட்டது. "பள்ளிக்கூடம் போச்சுன்னா நான் எங்கயாச்சும் வேலை தேடிக்குவேன் சார். இந்த இருபத்து மூணும் திரும்பி அடுப்பங்கரைக்குத்தான் போகும்" என்று என்னிடம் சொன்னாள். கண் கலங்கியிருந்தது. நான் ரிஜிஸ்தரைப் புரட்டுகிற மாதிரி பாவனை பண்ணினேன்.

அந்த வருஷம் ஒரு புது விதி. வரி கட்டுகிறவனின் பெண்டாட்டிக்கும் வோட்டு உண்டு. பெண்கள் வாசல்படி தாண்டினால் மழை பெய்யாது என்று பன்னிரண்டு வருஷம் எழுதிய பண்டிதர், தம் கட்சி வீடுகளில் நாற்பது பெண் வோட்டு இருப்பதை எண்ணிப் பார்த்தார். மறுவாரமே 'ஆசார ரட்சகன்' விசேஷ அனுபந்தம் வெளிவந்தது.

'திரை கட்டிய கூண்டு வண்டி என்பது வீட்டின் ஓர் அறையே. அறைக்குள் இருக்கும் ஸ்திரீ வீட்டுக்குள் இருப்பவளே. ஆகவே வண்டி வோட்டுச் சாவடிக்குச் சென்றால், வீடு சென்றதாகுமேயன்றி ஸ்திரீ சென்றதாக மாட்டாது.'

தேர்தல் நாளன்று காலையிலேயே பதினேழு வீடுகள் மாடு பூட்டிக் கிளம்பி வந்து சேர்ந்தன.

சாவடி வேறெங்கும் இல்லை, அதே பெண் பள்ளிக்கூடம்தான். பெண்கள் பக்கம் வோட்டர் ஜாபிதாவை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். பெண்களை விசாரித்துச் சீட்டுக் கொடுக்க ஞானசெல்வியைப் போட்டிருந்தார்கள். மேலதிகாரியாக வந்தவர் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கர்ணன். பெயர் கர்ணனே தவிர, விதிப் புஸ்தகத்தில் இல்லாத ஒரு சொட்டுத் தண்ணீர்கூட யாருக்கும் கொடுக்க மாட்டார்.

எங்கள் வீட்டிலும் ஒரு வோட்டு இருந்தது. என் மனைவி பிச்சையம்மாள் வருகிறேன் என்றுதான் சொன்னாள். குமாஸ்தா வீட்டுப் பெண் வரிசையில் நிற்பது அழகல்ல என்று நான் சொன்னதால் வரவில்லை. அது வேறு விஷயம்.

முதலாவதாக முருகம்மாள் வந்தாள். பூ வியாபாரி, ஊருக்கே கேட்கும் வாய்.

"பேரு?" என்றாள் ஞானசெல்வி.

"முருகம்மா."

"வீட்டுக்காரர் பேரு?"

அந்த வாய் மூடிக்கொண்டது.

"சொல்லுங்கக்கா. ஜாபிதாவுல அவுக பேருதான் முதல்ல இருக்கு. பொருந்தினாத்தான் சீட்டு."

"நிலா இல்லாத நாளு வரும்ல, அதுதான் அவுக" என்றாள் முருகம்மாள்.

"அம்மாவாசி" என்று நான் உடனே எழுதப் போனேன். கர்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓய்! நிலா இல்லாத நாள் என்று ஜாபிதாவில் இருக்கிறதா? இல்லை. ஸ்திரீ வோட்டர் தன் புருஷனின் பெயரைத் தானே தெரிவிக்க வேண்டும். நீர் தெரிவித்தால் நீர் என்ன அவளுக்குப் புருஷனா?"

அதற்கு மேல் நான் ஏன் பேசுகிறேன்!

அடுத்தவள் வந்தாள், அவளும் சொல்லவில்லை. ஒருத்தி மலையைக் காட்டினாள், ஒருத்தி கோயில் கோபுரத்தைக் காட்டினாள், ஒருத்தி இடுப்பிலிருந்த பேரப்பிள்ளையை முன்னால் நீட்டி, "இவனுக்குத் தாத்தா பேருதான் வச்சிருக்கு, இவனக் கேளுங்க" என்றாள். பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. பத்து மணிக்குள் முப்பது பெண்கள் சீட்டு இல்லாமல் ஓரமாக நின்றார்கள்.

கயிறு கட்டிய எல்லைக்கு அப்பால் பண்டிதருக்கு வேர்த்து ஊற்றியது. முப்பது பேரில் இருபத்தைந்து பேர் அவருடைய வண்டியில் வந்தவர்கள்.

"ஏம்மா, சொல்லுங்கம்மா! இன்னிக்கு ஆபத் தர்மம்! சூரியன் நிக்கிற ராசிப்படி காலை ஆறுலருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் தோஷம் கிடையாது!" என்று கத்தினார்.

"இதென்னய்யா கூத்தா இருக்கு! போன சித்திரையில மேடை போட்டு எட்டு நாளுன்னு சொன்னீக. இன்னிக்கு ஒரு நா மட்டும் எமன் லீவு போட்டுட்டாரா?" என்றாள் முருகம்மாள்.

"நான்தானே சொன்னேன், நானே ரத்து பண்றேன்!"

"எம் புருஷன் செத்தா நீங்களா வந்து கொள்ளி வைப்பீக? போங்கய்யா!"

இந்தப் பக்கம் அழகுமலைக்கு ஒரே சந்தோஷம். அதுவும் தம் கட்சிப் பெண்கள் வருகிற வரைக்கும்தான். அவர்களும் பெயர் சொல்லவில்லை. "தாய்மார்களே! விலங்கை உடைத்தெறியுங்கள்! துணிந்து சொல்லுங்கள்!" என்று கயிற்றின் மேல் சாய்ந்துகொண்டு முழங்கினார்.

வரிசையில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். "ஒங்க வீட்டு அய்யம்மாக்காவக் கூட்டியாங்க. அவுக சொல்லட்டும், நாங்களும் சொல்றோம்."

"அவளுக்கு வெளியில வந்து பழக்கமில்ல" என்றார் அழகுமலை, குரலை இறக்கி.

பகல் பன்னிரண்டு ஆயிற்று. சீட்டு வாங்கிய பெண் ஒருத்தியும் இல்லை. முருகம்மாள் மறுபடியும் மேஜைக்கு வந்தாள். ஞானசெல்வியைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சரம்மா, வாயால சொல்லத்தான தோஷம்? எழுதிக் காமிச்சா?"

ஞானசெல்வி கர்ணனைப் பார்த்தாள். கர்ணன் விதிப் புஸ்தகத்தைப் புரட்டினார். முக்கால் மணி நேரம் புரட்டினார். கடைசியில், "வாய்மொழியாலோ எழுத்து மூலமாகவோ என்று இருக்கிறது" என்று வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் சிலேட்டுக்கா பஞ்சம்? ஞானசெல்வி ஒன்றை எடுத்து நீட்டினாள். முருகம்மாள் தரையில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக 'அம்மாவாசி' என்று எழுதினாள். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். எழுதுவதற்குத் தோஷம் உண்டா என்று பண்டிதர் ஒருநாளும் எழுதியதில்லை. பெண்கள் எழுதுவார்கள் என்று தோன்றியிருந்தால் அல்லவா அதற்கும் ஒரு கழிவு போட்டிருப்பார்!

முருகம்மாளுக்குப் பின்னால் பத்துப் பேர் வந்தார்கள். எல்லாம் தையல் வகுப்பு. கயிற்றுக்கு அப்பால் நின்ற புருஷன்மார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவரவர் வீட்டில் முடியாமல் கிடக்கும் ரவிக்கைகள் அப்போதுதான் அவர்களுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். எழுதத் தெரியாத மற்றவர்கள் வந்த வழியே வண்டியேறி வீட்டோடு வீடாகத் திரும்பிப் போனார்கள்.

கடைசியாக, சாவடி மூடக் கால்மணி இருக்கும்போது, சந்தனம்மாள் வந்தாள்.

பண்டிதருக்கு ஆவேசம் வந்துவிட்டது. "சந்தனம்! சொல்லிரு! எம் பேரச் சொல்லிரு! எட்டு நாளு போனாப் போகுது, என் ஆயுசு, நான் தாரேன்!"

சந்தனம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. சிலேட்டை வாங்கினாள், மேஜை மேல் வைத்து நின்றபடியே எழுதினாள். சுருளியாண்டி. ஒரு பிழை கிடையாது. ஞானசெல்வி அந்தச் சிலேட்டை மட்டும் அழிக்காமல் தனியாக எடுத்து வைத்தாள்.

"எழுதிட்டாளா?" என்று பண்டிதர் சந்தோஷத்தில் கூவினார். பிறகு, "எழுதினாளா!" என்றார். இரண்டாவது தடவை குரல் வேறாக இருந்தது.

அவளோ சீட்டை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். பச்சைப் பெட்டி பண்டிதருக்கு, சிவப்புப் பெட்டி அழகுமலைக்கு. ஒரு சீட்டைப் போட இவ்வளவு நேரமா என்று கர்ணன் கடிகாரத்தைப் பார்க்கிற அளவுக்கு நின்றுவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

சாயங்காலம் எண்ணினார்கள். பண்டிதர் ஒரே ஒரு வோட்டில் தோற்றார்.

கூட்டம் கலைகிறபோது வண்டியடியில் மனைவியை மடக்கினார். "உண்மையச் சொல்லு. எந்தப் பொட்டியில போட்ட?"

"அதச் சொல்லக் கூடாதாமே" என்றாள் சந்தனம்மாள், திரையை விலக்கி ஏறி உட்கார்ந்துகொண்டு. "ஒங்க பேரச் சொன்னா ஒங்களுக்கு எட்டு நாளுதான் போகும். இதச் சொன்னா எனக்கு ஆறு மாசம் போயிருமாம், செயிலுக்கு."

இத்துடன் கதை முடிந்தது, தர்மம் தோற்றது, சீர்திருத்தம் வென்றது என்று நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த வாரம் போர்டின் முதல் கூட்டம். தோற்றவர் மனம் புண்படக் கூடாதென்று பண்டிதரை நியமன மெம்பர் ஆக்கியிருந்தார்கள். அழகுமலை மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்தத் தடவ நமக்கு விழுந்துச்சு. அடுத்த தடவ எங்கன விழும்னு யாருக்குத் தெரியும்? வீட்டுக்காரனுக்கே தெரியாம எழுதப் படிச்சிருக்காளுக, என்ன துணிச்சல்!" என்றார்.

"அதத்தானய்யா நான் பன்னெண்டு வருசமா எழுதுறேன்!" என்றார் பண்டிதர்.

இருவரும் முதல் தடவையாக ஒருவரையொருவர் அன்போடு பார்த்துக்கொண்டார்கள். பிறகு அழகுமலை சொல்லச் சொல்ல, பண்டிதர் ஆமோதிக்க, ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. எழுதியது நான்தான். என்னுடைய பதவிக்காலத்திலேயே அவ்வளவு அழகாக ஒன்றை எழுதியதில்லை.

'பெண் விடுதலையில் அளவற்ற ஆர்வம் கொண்ட இந்த போர்டானது, பெண் பள்ளிக்கூடத்தை மூடுவதில்லை என்று மகிழ்ச்சியுடன் தீர்மானிக்கிறது. ஆனால் பெயர் எழுதும் பாடம் மூன்றாம் வகுப்பில் தொடங்குவதால், பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு நிற்கும். தையல் வகுப்பில் இனி ஊசியும் நூலும் தவிர வேறு கருவிகள் அனுமதிக்கப்பட மாட்டா. மேலும், தேர்தலில் மாதர்களுக்கு நேர்ந்த சிரமத்தை உத்தேசித்து, இனி புருஷன் கூடவே வந்து தன் பெயரைத் தானே சொல்ல அனுமதிக்குமாறு இந்த போர்டு சர்க்காரைக் கேட்டுக்கொள்கிறது. வந்த காரியத்தோடு சீட்டையும் அவனே போட்டுவிடலாம்.'

ஞானசெல்வியிடம் நகலைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "அழகாத்தான் எழுதியிருக்கீக சார்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நாலு அறை கொடுத்திருந்தால்கூட எனக்குத் தேவலை.

அன்று சாயங்காலம் தீர்மான நோட்டை வீட்டில் ஸ்டூல் மேல் வைத்துவிட்டுக் கால் கழுவப் போனேன். திரும்பி வந்தால் பிச்சையம்மாள் நோட்டும் கையுமாக நிற்கிறாள்.

"அது சர்க்கார் காயிதம், வையி. ஒனக்கு என்ன புரியப் போகுது?" என்றேன்.

அவள் வைக்கவில்லை. எழுத்துக் கூட்டி, விரல் ஓட்டி, முதல் வரியிலிருந்து வாசித்தாள். 'அனுமதிக்கப்பட மாட்டா' என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் தடுமாறினாள். முழுவதும் முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நாளையிலருந்து தையல் வகுப்பு நம்ம வீட்டு அடுப்பங்கரையிலதான். டீச்சர்கிட்டச் சொல்லியாச்சு" என்றாள்.

"இந்தா பாரு, எனக்கு வேலை போயிரும்!"

"வரிசையில நின்னா அழகில்லேன்னீக. கேட்டேன்ல? வீட்டுக்குள்ள உக்காந்தா அழகுதான?" என்று சொல்லிவிட்டு, நோட்டின் அடியில் இருந்த கையெழுத்துக்கு விரலைக் கொண்டுபோனாள். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் என்னை 'இந்தாங்க' என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லிக் கூப்பிட்டவளில்லை.

"இப்படிக்கு, குமாஸ்தா, பால்பாண்டி" என்று வாசித்தாள். என்னை நேராகப் பார்த்தாள். "பால்பாண்டி" என்றாள் மறுபடியும். அது போதாதென்று இன்னொரு தரம், நிறுத்தி, நன்றாக, "பால்பாண்டி!"

நான் விவரம் தெரிந்தவன். பண்டிதரின் உளறலை ஆரம்பத்திலிருந்து கேலி பண்ணியவன். இந்தக் கதை பூராவும் உங்களோடு சேர்ந்து சிரித்தவன். ஆனாலும் அங்கேயே நின்றபடி, என் விரல்கள் தாமாக மடங்கிக்கொண்டிருந்தன: எட்டு, பதினாறு, இருபத்து நாலு.