புளி போடாத கருணை

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயால் கெட்டேன், வாயிலேயே தண்டனையும் வாங்கினேன். அதுவும் பெண் பார்க்கப் போன இடத்தில்.

அறுபதுகளின் தொடக்கம். எங்கள் குடும்பம் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிப் படவேட்டுப் பக்கம் குடியேறியிருந்தது. ஆனால் பெண் மட்டும் மலையில்தான் எடுப்போம். அப்பாவும் நானும் மலை ஏறினோம். என் தலையில் ஒரு கூடை கருணைக்கிழங்கு, அப்போதுதான் தோண்டியது. (மாப்பிள்ளை தலையில் கூடையா என்று கேட்காதீர்கள். அப்பாவுக்கு இடுப்புவலி.)

கூடையைப் பார்த்த பெண்ணின் அப்பா, "நம்ம மரத்துப் புளி நெறைய கீது. கருணைக்குத் தாராளமா போடச் சொல்றேன்" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க நெலத்துக் கருணை காறாதுங்க. புளியே வேணாம்" என்றேன். மாப்பிள்ளையாக வந்தவன் பேச்சைத் தட்டக்கூடாது என்று அப்படியே சமைத்துவிட்டார்கள்.

சாமைச்சோற்றோடு முதல் கவளம் உள்ளே போனது. நாக்கெல்லாம் முள். தொண்டைக்குள் யாரோ காஞ்சொறி இலையைத் தேய்த்தது போல எரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பெண்ணின் அப்பா கண் கலங்கச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளுடைய சித்தப்பா செருமிச் செருமி விழுங்கினார். மாப்பிள்ளை வீட்டுக் கிழங்கைக் குறை சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. என் அப்பா மட்டும் என்னை முறைத்தார்.

"இன்னாங்க, பொண்ணு புடிச்சிருக்குதா?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

கதவோரம் நின்றவளை எனக்கு எப்போதோ பிடித்துவிட்டது. அதைச் சொல்லத்தான் நாக்கு இல்லை. "ஆ" என்று ஒரு சத்தம் வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"அழுவுறாரு பாரு. இஷ்டம் இல்ல போல. வுட்டுடலாம்" என்று சித்தப்பா எழுந்துவிட்டார். எனக்கு உயிரே போயிற்று. நல்ல இடம், என் பெருமையாலேயே கைநழுவிக்கொண்டிருந்தது.

அவள் உள்ளே போய் ஒரு சொம்பு புளிக்கரைசலோடு வந்தாள். அடுக்களையில் அவளும் ஒரு வாய் தின்று பார்த்திருக்கிறாள். "உக்காருங்க சித்தப்பா. அழுவல, காறுது" என்றவள், சொம்பை என்னிடம் நீட்டினாள். "இத்த குடிச்சிட்டு அப்புறமா பதில் சொல்லுங்க."

குடித்தேன். என் பின்னால் எல்லோரும் வாங்கிக் குடித்தார்கள். நாக்கு திரும்பியதும், "புடிச்சிருக்குதுங்க" என்றேன்.

இன்றும் நான் எதையாவது பெருமையடிக்க ஆரம்பித்தால், அவள் எழுந்து போய் ஒரு புளியுருண்டையை என் முன்னால் வைப்பாள். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். சில நாள், அவள் எழுந்து போகட்டும் என்றே பெருமையடிக்கிறேன்.