ஓவரிக்கு ஒரு சொல்

"முட்டையாம், முட்டை! காலங்கார்த்தால இதையா என் கையில கொண்டுவந்து கொடுப்பீர்?"

தாவரவியல் துறைத் தலைவர் சௌரிராஜன் காகிதக் கட்டைத் தள்ளிவைத்தார். ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டு வாசற்படியை அந்தச் சொல் அதுவரை தாண்டியதில்லை.

எதிரில் நின்ற தைரியராஜுக்கு வியர்த்தது. தைரியமெல்லாம் பெயரோடு சரி. திருச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர், அதுவும் தற்காலிகம். தமிழிலும் பாடம் நடத்தப் போகிறார்கள் என்று மருத்துவம், தாவரம், விலங்கு மூன்றிலும் முட்டை சம்பந்தப்பட்ட சொற்களைத் தமிழாக்கிப் புத்தகமாகப் போடும் வேலையை முதல்வர் ஃபாதர் இவர் தலையில் கட்டியிருந்தார்.

"திங்கட்கிழமை கூட்டத்துல யாரும் சண்டை போடலைன்னா உங்க வேலை நிரந்தரம். போட்டா, ஜூன்ல வேற இடம் பாத்துக்குங்க," என்றும் ஃபாதர் சொல்லியிருந்தார்.

ஒரு பொருளுக்கு ஒரே சொல் என்பது தைரியராஜின் பிடிவாதம். ஆகவே ஓவரி என்று வந்த அறுபது இடத்திலும் முட்டைப்பை என்று எழுதிவிட்டார்.

"பூவுக்குள்ள முட்டைப்பையா? அபச்சாரம்! சூலகம்னு போடும்."

தைரியராஜ் அறுபது இடத்திலும் முட்டைப்பையை அடித்தார். மேலே சூலகம் என்று எழுதிக்கொண்டு மருத்துவப் பகுதியைச் சரிபார்க்கும் டாக்டர் ஷரபுன்னிசாவிடம் ஓடினார்.

"என்ன தம்பி இது? நர்சுங்களுக்குப் புரிய வேணாமா? சினைப்பைன்னு மாத்துங்க. இல்லேன்னா கூட்டத்துல நானே எந்திரிச்சுக் கேப்பேன்."

மறுபடி அறுபது அடித்தல். தாளில் ஒவ்வொரு ஓவரிக்கும் இரண்டு மாடி எழும்பிவிட்டது. சனிக்கிழமை அதை அப்படியே அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் ஜமாலிடம் நீட்டினார்.

"மேல் மாடியில இருக்கிறதுதான் சரி. எல்லா எடத்துலயும் சினைப்பை. புரியுதா?"

"புரியுது சார்."

வெளியே வந்தால் சௌரிராஜன் நிற்கிறார்.

"சூலகம்தானே போட்டீர்?"

"ஆ... ஆமாம் சார்." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஞாயிறு பூசை முடிந்து வந்தவர் நேரே கட்டிலுக்கடியில் போய்விட்டார்.

"ரோசரி, யார் வந்தாலும் நான் முக்கொம்பு போயிட்டேன்னு சொல்லிடு. வந்தது யாருன்னு எங்கிட்ட சொல்லவே சொல்லாதே!"

மூன்று முறை கதவு தட்டப்பட்டது. மூன்று முறையும் ரோசரி முக்கொம்பு என்றாள்.

"பைபிள்ல வர்ற மாதிரி மூணு தடவை மறுதலிச்சாச்சுங்க. இனிமே சேவல் கூவ வேண்டியதுதான் பாக்கி," என்று கணவருக்குக் கட்டிலுக்கடியிலேயே சோறு தள்ளினாள்.

திங்கட்கிழமை புத்தகங்கள் அச்சகத்திலிருந்து நேரே கூட்டத்துக்கு வந்து இறங்கின. சௌரிராஜன் பக்கத்தைப் புரட்டினார். தைரியராஜ் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பையில் இருந்த ஜெபமாலையை உருட்டினார். வேலை போச்சு, ரோசரிக்கு என்ன பதில் சொல்வது?

"பேஷ்! தாவரம் பூரா சூலகம்!"

"மருத்துவத்துல சினைப்பை. சொன்னபடியே செஞ்சிட்டீங்க தம்பி," என்றார் டாக்டரம்மா.

"விலங்குக்கு உங்க முட்டைப்பை!" ஃபாதர் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "மூணு துறைக்கு மூணு சொல். ஒருத்தருக்கும் மனத்தாங்கல் இல்லை. எவ்வளவு நுட்பமா யோசிச்சிருக்கீங்க! வேலை நிரந்தரம்."

தைரியராஜ் கண்ணைத் திறந்து பார்த்தார். நிஜமாகவே அப்படித்தான் அச்சாகியிருந்தது. கூட்டம் கலைந்ததும் அச்சகத்துக்கு ஓடினார்.

"ஜமால்! என் வயித்துல பால் வார்த்தீங்களே! இந்த யோசனை எப்படிய்யா தோணுச்சு?"

ஜமால் பயந்துபோய் எழுந்து நின்றான்.

"கோவிச்சுக்காதீங்க சார். கேக்கத்தான் மூணு வாட்டி வீட்டுக்கு வந்தேன், நீங்க முக்கொம்பு போயிட்டீங்க. எங்க பெட்டியில ஈய எழுத்து கம்மி சார். 'னை' மருத்துவத்தோட தீர்ந்துச்சு, ஒரு மாடி கீழ இறங்குனேன். 'சூ' தாவரத்தோட தீர்ந்துச்சு. பிராணிங்களுக்கு முட்டைதான் சார் மிச்சம்."