பல்லாஸ்பத்திரி ஸ்டாப்

காலை ஒன்பது மணிக்குள் அது ஏழாவது ஆள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தவர், கேக் மாஸ்டரின் முன்னால் நின்று ஆவென்று வாயைத் திறந்தார்.

"டாக்டர், இந்தக் கடைவாய்ப் பல்லுதான்."

"இது கேக் கடைங்க."

"பஸ்ஸுல பல்லாஸ்பத்திரினு சொல்லித்தானே இறக்கிவிட்டாங்க?"

கண்ணாடிப் பெட்டியிலிருந்த கேக்கை அவர் ஒருதரம் பார்த்தார். வலி கூடியிருக்க வேண்டும், முனகிக்கொண்டே போய்விட்டார்.

பல் ஆஸ்பத்திரி காலி செய்து ஆறு வருடமாகிறது. அதன்பின் அந்த இடத்துக்குக் குடைக் கடை வந்தது, போனது. செல்போன் கடை வந்தது, அதுவும் போனது. கடைவீதியே அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. ஸ்டாப்பின் பெயர் மட்டும் இம்மியும் அசையவில்லை. இறங்குகிறவர்களில் பாதிப் பேருக்குப் பல்வலி, கேக் தேடுகிறவர்களுக்கோ எங்கே இறங்குவதென்று தெரியவில்லை. மாஸ்டருக்குப் பிழைப்புக்கு இருப்பதோ இந்த ஒரு கடைதான்.

'இங்கே பல் ஆஸ்பத்திரி இல்லை' என்று பெரிதாகப் போர்டு வைத்தார். கடைசி வார்த்தையை விளக்குக் கம்பம் மறைத்தது. மறுநாள் பதினேழு பேர் வாயைத் திறந்தார்கள்.

"தெரியாதவங்களுக்கும் தெரியப்படுத்திட்டீங்க," என்றாள் மனைவி.

மாஸ்டர் கண்டக்டரைப் பிடித்தார். "அண்ணே, இனிமே கேக் கடைனு சொல்லுங்களேன்."

"நான் சொல்லி என்ன ஆகப்போவுது? ஜனங்க வாயில வரணும்."

ஜனங்கள் வாயில் வரவழைக்க மாஸ்டரே பஸ் ஏறினார். தினம் எட்டுத் தடவை, கடைசி சீட்டு வரை கேட்கும்படி, "கேக் கடை ஒண்ணு குடுங்க" என்றார்.

"பல்லாஸ்பத்திரிதானே?" என்று கேட்டுவிட்டே கண்டக்டர் டிக்கெட் கிழித்தார்.

மாஸ்டர் பஸ்ஸே கதியென்று கிடக்க, கடையில் கேக் அடுப்போடு கருகியது. அதை ஆசையாகக் கடித்த ஒருவருக்கு நன்றாயிருந்த பல் ஆட்டம் கண்டது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு, "இங்க பல்லாஸ்பத்திரி எங்கங்க?" என்றார். அந்தக் கடையில் அந்தக் கேள்வியை நியாயமாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"போதும்ங்க, நாமளே போயிடலாம்," என்றாள் மனைவி.

மூன்று மாதம் மல்லுக்கட்டியதில் மாஸ்டருக்கும் தெம்பு போயிருந்தது. அடுத்த ஸ்டாப்பில் இடம் பார்த்துக் கடையை மாற்றினார். அந்த ஸ்டாப்புக்கு மணிக்கூண்டு என்று பெயர். மணிக்கூண்டால் கேக்குக்குக் கெடுதல் ஒன்றுமில்லை. வியாபாரமும் சூடு பிடித்தது.

பழைய இடத்தை, ஸ்டாப்பின் பெயரைக் கேள்விப்பட்ட ஒரு பல் டாக்டர் ஓடிவந்து எடுத்துக்கொண்டார். 'நமக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை, அந்த மனுஷனாவது நன்றாயிருக்கட்டும்' என்று மாஸ்டர் மனதார வாழ்த்தினார்.

அடுத்த வாரம் மாவு வாங்க அதே பஸ்ஸில் போனார். முன் சீட்டில் கன்னம் வீங்கிய ஒரு அம்மா சில்லறையை நீட்டினார்.

"பல்லாஸ்பத்திரி ஒண்ணு குடுப்பா."

கண்டக்டர் அந்த அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்படி ஒரு ஸ்டாப்பே கிடையாதும்மா. கேக் கடைனு கேட்டு வாங்குங்க."