நடுங்கும் மானிட்டர்

மானிட்டரில் கோடு நடுங்கியது. வரைவாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்போதும் நடுங்கியது.

பின்பக்கம் தொப்பை வைத்த பழைய காலத்து மானிட்டர். தட்டைத் திரையில் கறுப்பு கறுப்பாகவே இல்லை என்று குறைப்பட்டு, தேடி அலைந்து வாங்கி வந்திருந்தார்.

"ஏங்க, சாயங்காலம் பழைய சாமான்காரர் வர்றார். அதுக்குள்ள ஒழுங்கா நின்னா இது வீட்டுல இருக்கட்டும். இல்லன்னா வண்டியில ஏறட்டும்" என்றாள் மனைவி.

"இது மட்டும்தானே?"

"உங்களை எடுக்க மாட்டேன்னுட்டார்."

மேசைதான் ஆடுகிறதோ? மேசையைச் சுவரோடு ஒட்டி நகர்த்தினார். நடுக்கம் கூடியது. பின்மூடியைத் திறந்தார். உள்ளே இருந்த தகரக் கவசம் அதிர்கிறதோ என்று அதையும் கழற்றி வைத்தார். கோடு பாம்பாக நெளிந்தது. ஏதோ ஒரு ஒயரை அழுத்திப் பார்த்தார். திரை முழுக்கப் பச்சையாயிற்று.

"இவ்வளவு நேரம் நடுக்கம் மட்டும்தான் இருந்துச்சு. இப்ப பாசியும் பிடிச்சிருச்சா?" என்று எட்டிப் பார்த்தாள் மனைவி.

ஒயரைப் பழையபடி செருகி, எல்லாவற்றையும் மூடி, கைக்குழந்தைபோல அணைத்துத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனார். அங்கே கோடு ஆணி அடித்ததுபோல நின்றது.

"இதுக்கு ஒண்ணுமில்ல சார்" என்றார் மெக்கானிக். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார்.

வீட்டில் வைத்தார். நடுங்கியது. வரைவாளர் அதன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபம் வரவில்லை. கடையில் அசையாத ஒன்று இங்கே வந்ததும் எதைக் கண்டு நடுங்குகிறது என்றுதான் யோசித்தார். விடை தெரியாமல் அதை வண்டியில் ஏற்ற மனம் வரவில்லை.

கடைசியில் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். நின்றுவிட்டது!

"ஏய், ஓடி வா!"

மனைவி வந்து பார்ப்பதற்குள் மறுபடி நடுங்கியது.

"உன்னைப் பார்த்ததும்தான்" என்றார்.

"இத்தனை வருஷத்துல உங்களுக்கு வராத பயம், அதுக்காவது வந்துச்சே."

சாயங்காலம் தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது. வரைவாளர் கையைக் கட்டிக்கொண்டு கடைசியாக ஒருமுறை பார்த்தார். நடுங்கிக்கொண்டிருந்த கோடு திடீரென்று நின்றது. மனைவி வந்தாள். அப்போதும் அசையவில்லை. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணுமே பண்ணலை."

"அதை முதல்லயே பண்ணியிருக்கலாமே!"

அழைப்பு மணி அடித்தது. வாசலில் பழைய சாமான்காரர், தொப்பை வைத்த மானிட்டர் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி மூச்சிரைக்க நின்றார்.

"உங்களுதையும் குடுங்க சார், சேர்த்து ஏத்திடறேன். இது உங்க பக்கத்து வீட்டுக்காரரோடது, இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு. கடையில வச்சா நிக்குது, வீட்டுல வச்சா நடுங்குதுன்னு வெறுத்துப்போய் இப்பதான் அணைச்சுக் குடுத்தார்."