கூட்டப்பொருள் ஒன்று

"வாரியத்தைக் கூட்டுங்க," என்று ஸுஹூர் கேட்டே விட்டாள்.

துனிஸ் நகரத்தில், வெளிநாட்டு முதலீட்டைக் கைகூப்பி வரவேற்பதற்கென்றே இருந்த முகமை அது. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கழிப்பறை எந்தப் பக்கம் என்று காட்டுவதற்கு முன்பே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். இங்கே என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். வாரியம் எப்போது கூடும் என்று மட்டும் கேட்கக் கூடாது.

பொறுப்புத் தலைமை இயக்குநர் முன்ஸிர் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இத உனக்கு யாரு சொல்லிக்குடுத்தது?"

"யாரும் சொல்லிக்குடுக்கல, சீ முன்ஸிர். கேக்காதேன்னுதான் எல்லாரும் சொல்லிக்குடுத்தாங்க."

அந்த ஊரில் பெரிய மனிதர்களின் பெயருக்கு முன்னால் 'சீ' போடுவது மரியாதை. ஸுஹூர் வாயிலிருந்து வரும்போது மட்டும் அதில் மரியாதை சற்றுக் குறைவாகத்தான் ஒலிக்கும்.

அவளுக்கு ஆத்திரம் இருந்தது. ஆத்திரத்துக்குக் காரணமும் இருந்தது. நாலு வருடமாக ஆறு மாத ஒப்பந்தத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். சொந்த ஊரான ஸிலியானாவில் அவள் அப்பா டீக்கடையில் உட்கார்ந்து, 'என் மக அரசாங்கம்' என்று சொல்ல ஆரம்பித்து நாலு வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நலம் விசாரிப்பதற்கு முன்னால், "உறுதியாச்சா?" என்பார். உறுதியாக்கும் அதிகாரம் வாரியத்துக்கு மட்டும்தான். வாரியமோ பல அரசாங்கங்களுக்கு முன்பு கூடியதோடு சரி.

வெளிநாட்டுக்காரன் வந்தால் ஒரே சாளரத்தில், ஒரே நாளில் கம்பெனி. உள்ளூர்ப் பெண்ணுக்கு இன்னும் ஆறு மாதம். இதை அவள் விளம்பரப் பலகையில் எழுதி வைக்கலாம் என்று ஒருமுறை சொன்னதற்கு, யாரும் சிரிக்கவில்லை.

முகமையின் அமைப்பு காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. மேலே வாரியம். அதில் அமைச்சகங்களின் பிரதிநிதிகள், மத்திய வங்கி, முதலாளிகள் சங்கம், தொழிலாளர் சங்கம். தலைவர் நாற்காலி அமைச்சருக்கு. அதன் கீழே தலைமை இயக்குநர், அவருக்கும் வாரியத்தில் ஒரு இடம். அதன் கீழே துறைகள். வாரியம் கூடாததால், ஓய்வு பெற்றவர், செத்தவர், பாரிஸுக்குப் போனவர் எல்லாருடைய இடத்திலும் பக்கத்து மேசைக்காரரைப் 'பொறுப்பு' என்று போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அந்தக் கட்டடத்தில் எல்லாப் பெயர்ப்பலகையிலும் பொறுப்பு இருந்தது. ஆளிடம்தான் இல்லை. வாரியம் கூடினால் யார் நாற்காலி நிற்கும், யார் நாற்காலி போகும் என்பது தெரியாது. அதனால்தான் அந்தக் கேள்வி அங்கே கெட்ட வார்த்தை.

முன்ஸிர் மறுபடி உட்கார்ந்தார். "எனக்குக் கூட்டுற அதிகாரம் இல்ல. முடிஞ்சா நீ கூட்டிக் காட்டு."

"கூட்டினா என் விஷயம் வருமா?"

"வரும். ரெண்டாவதா. முதல் பொருள் என்னோடது."

தனி மனிதர் விஷயம் என்றால் அரக்கு வைத்த உறைக்குள் போய்விடும். கூட்டத்தில் தலைவர்தான் பிரிப்பார். 'தலைமை இயக்குநரின் நிலை' என்று உறைமேல் எழுதினார் முன்ஸிர். ஸுஹூருக்குப் புரிந்துவிட்டது. ஆசாமி தன்னை நிரந்தரமாக்கிக்கொள்ளப் பார்க்கிறார். இருக்கட்டும், தேரை நான் இழுக்கிறேன், சாமி மாதிரி நீ உட்கார்ந்து வா என்று நினைத்துக்கொண்டாள்.

முதலில் அமைச்சகத்துக்கு எழுதினாள். அரசாங்கம் கவிழ்ந்திருந்தது, அமைச்சர் இல்லை. அமைச்சகம் அவள் கடிதத்தை, 'தங்கள் கருத்துக்கு' என்று முகமைக்கே திருப்பி அனுப்பியது. அமைச்சகக் கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலை ஸுஹூருடையது. தன் கோரிக்கையைத் தானே பரிசீலித்து, மிக நியாயமானது என்று கருத்து எழுதி அனுப்பினாள். அப்படியானால் ஏன் இன்னும் கூட்டவில்லை என்று விளக்கம் கேட்டு முகமைக்கு ஒரு மெமோ வந்தது. அதற்கும் அவள்தான் பதில் எழுத வேண்டியிருந்தது.

சட்ட ஆலோசகர் (பொறுப்பு) ரவூஃப் வழி சொன்னார். தலைவர் இல்லாத காலத்தில், உறுப்பினர்களில் வயதில் மூத்தவர் கூட்டலாம்.

மூத்தவர் யார் என்று பார்த்தால், இரண்டு பேர் ஒரே வருடம், ஒரே ஜனவரி முதல் தேதியில் பிறந்திருந்தார்கள். கிராமத்தில் பிறந்தவனுக்குத் தேதி தெரியாவிட்டால் பதிவாளர் ஜனவரி ஒன்று என்று போட்டுவிடுவார். பாதி நாடு அன்றைக்குத்தான் பிறந்தது. இருவரையும் கேட்டாள். கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொள்ள யாருக்கும் மனசில்லை. அவர்தான் பெரியவர், அவர் கையில் நான் வளர்ந்தேன் என்று ஒருவர் சொன்னார். மற்றவரும் அதையே சொன்னார்.

மூன்றாவதாக லெல்லா ஸக்கியா இருந்தார்; ஆண்களுக்குச் 'சீ' மாதிரி பெண்களுக்கு 'லெல்லா'. தொழில் நடத்தும் பெண்கள் சார்பில் வாரியத்தில் இருப்பவர். நாபுலில் பீங்கான் ஏற்றுமதி. அவருடைய விவரத்தில் பிறந்த வருடம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அவருக்கு நாற்பத்தொன்பது வயது ஆரம்பித்துச் சில காலம் ஆகியிருந்தது.

ரவூஃப் வேண்டாம் என்றார். ஸுஹூர் போய் நேரடியாகவே கேட்டாள்.

லெல்லா ஸக்கியா காப்பிக் கோப்பையை அப்படியே வைத்தார். தன்னைக் கிழவி என்று சொல்ல முகமை ஆள் அனுப்பியிருக்கிறதா என்று கேட்டார். வாரியத்திலிருந்தே விலகிவிடப் போவதாகச் சொன்னார். இருக்கிற உறுப்பினர்களில் ஒருவர் குறைந்தாலும் கூட்டம் செல்லாது. ஒரு கேள்வி கேட்கப்போய் வாரியமே கையை விட்டுப் போகும் போலிருந்தது.

ஸுஹூர் யோசித்தாள். "அது இல்ல, லெல்லா. கூட்டுறவங்கதான் அமைச்சர் நாற்காலியில உக்காரணும். பேப்பர்க்காரங்க போட்டோ எடுப்பாங்க. ஒரு பொம்பள அந்த நாற்காலியில உக்காந்ததே இல்லன்னு சொன்னாங்க."

லெல்லா ஸக்கியா கோப்பையை மறுபடி எடுத்தார்.

"அந்த ரெண்டு கிழவங்களும் எந்த வருஷம்?"

சொன்னாள்.

"அதுக்கு முந்தி உனக்கு எந்த வருஷம் வசதியோ, போட்டுக்கோ."

அடுத்தது, ஆள் சேர்ப்பது. எந்த அமைச்சகமும் ஆள் அனுப்பாது, ஆளுக்குப் பதில் ஆள் அனுப்பும். பதிலாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது விதி. ஸுஹூர் ஒவ்வொருவரையும் நேரில் பிடித்தாள். மத்திய வங்கிக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக் கூஸ்கூஸ் ரவைச்சோறு ஆட்டுக்கறியோடா, மீனோடா என்றார். கறி என்றதும் சம்மதித்தார். விவசாயத்துக்காரருக்குக் கடலோர ஸ்ஃபாக்ஸ் ஊர். மீன் இல்லாமல் அது கூஸ்கூஸே இல்லை என்றார். இரண்டுக்கும் ஏற்பாடு செய்தாள். அந்தச் செய்தி பரவி, வரமாட்டேன் என்றிருந்த சுங்கத்துறைக்காரரும் வருவதாகச் சொல்லியனுப்பினார்.

இதில் ஒரு ஆபத்து இருந்தது. ரவூஃப்தான் எச்சரித்தார். பழைய வாரியங்களின் வழக்கம், முதல் பொருளை முடித்துவிட்டுச் சாப்பிடப் போவது. சாப்பிட்டுவிட்டு யாரும் இரண்டாவது பொருளுக்குத் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை.

கூட்டத்தன்று முன்ஸிர் புதுக் கோட்டு போட்டு வந்தார். மேசையைத் துடைத்து வைத்திருந்தார், சுவரில் இருந்த படங்களைக்கூடக் கழற்றியிருந்தார். நிரந்தரமானதும் வெள்ளையடிப்பார் போலிருக்கிறது என்று ஸுஹூர் பல்லைக் கடித்தாள். மூலையில் நடவடிக்கைக் குறிப்பு எழுத உட்கார்ந்தாள். ஒப்பந்த ஊழியர் கூட்டத்தில் பேசக் கூடாது.

உறுப்பினர்கள் வந்தார்கள். ஒரு தலைகூட அதிகமில்லை. விதிக்கு எத்தனை வேண்டுமோ சரியாக அத்தனை. லெல்லா ஸக்கியா அமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்து, புகைப்படக்காரனிடம் இடது பக்கத்திலிருந்து எடுக்கச் சொன்னார்.

ஸுஹூர் முன்ஸிரிடம் குனிந்து, இரண்டாவது பொருளை முதலில் எடுக்கலாமே என்றாள். அவர் இதில் மட்டும் மாற்றம் கிடையாது என்று சொல்லிவிட்டு, தாமே உறையைத் தலைவர் பக்கம் நகர்த்தினார். அவர் கை அவசரப்பட்டது. கீழேயிருந்து கறி வாசனை ஏறி வந்தது. மத்திய வங்கிக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

ஸுஹூர் எழுந்துவிட்டாள்.

"மன்னிக்கணும், லெல்லா. ஒரு உறுப்பினரோட சொந்த விஷயம் வந்தா, அவர் வெளிய போயிடணும்னு விதி இருக்கு."

லெல்லா ஸக்கியா ரவூஃபைப் பார்த்தார். ரவூஃப், விதி இருக்கிறது, இதுவரை யாரும் அதைத் தொந்தரவு செய்ததில்லை என்றார்.

முன்ஸிர் குரலைத் தாழ்த்தினார். "வேணாம் மகளே. இத விட்டுடு."

"நாட்டுல விதின்னு ஒண்ணு இருக்குல்ல, சீ முன்ஸிர்."

அவர் எழுந்தார். கதவு வரைக்கும் போய், திரும்பி உறையைப் பார்த்தார். வெளியே போனார்.

கதவு சாத்திய பிறகுதான் ரவூஃப் தலைகளை எண்ணினார். ஒன்று குறைந்தது. அவர் மிக வருத்தத்தோடு அறிவித்தார்: எண்ணிக்கை குறைந்தால் கூட்டம் கலைந்ததாகவே அர்த்தம், போனவர் திரும்பி வந்தாலும் ஒட்டாது. லெல்லா ஸக்கியா சளைக்கவில்லை. அடுத்த வாரமே மறுபடி கூட்டுகிறேன் என்றார். அதற்குள் மத்திய வங்கிக்காரரின் தொலைபேசி அடித்தது. புது அமைச்சர் சற்றுமுன் பதவியேற்றுவிட்டாராம். மூத்தவரின் அதிகாரம் அத்தோடு காலி.

"அப்ப நான் சும்மாவே கிழவியானேனா?" என்றார் லெல்லா ஸக்கியா.

எல்லாரும் சாப்பிடக் கீழே போனார்கள். மீன் நன்றாக இருந்ததாகப் பிறகு கேள்வி.

ஸுஹூர் காலி அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். தன் கையாலேயே தன் விஷயத்தைக் குழிதோண்டிப் புதைத்தாயிற்று. புது அமைச்சருக்குக் கடிதம் போகும். கருத்துக்கு என்று திரும்பி வரும். அவளே பதில் எழுதுவாள். இன்னொரு ஆறு மாதம். அதற்கப்புறம் இன்னொன்று. அதை நினைத்தபோது, ஆச்சரியம், அழுகை வரவில்லை; குறிப்பேட்டை மூடினாள். அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம், உறுதியாயிற்று, இந்த வேலைக்கு இனி வரமாட்டேன் என்பது உறுதியாயிற்று.

ரவூஃபிடம் போய், வேலையை விட்டுப் போக யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். யாரிடமும் வேண்டாம், ஒப்பந்தக்காரி எழுந்து போனால் போனதுதான் என்றார் அவர். கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றி அவர் மேசையில் வைத்தாள்.

நடைவழியில், முதலீட்டாளர்கள் காத்திருக்கும் பெஞ்சில் முன்ஸிர் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

"எங்க போற?"

"போறேன், சீ முன்ஸிர். ஒரேயடியா."

"எப்பிடி?"

"நடந்துதான்."

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். அது கோபம் என்று ஸுஹூர் எடுத்துக்கொண்டாள். நாற்காலியைக் கட்டிக்கொண்டு அழுகிற மனுஷன். அது கிடைக்காமல் போயிற்றே, அந்த அளவில் ஒரு நல்ல காரியம் செய்தோம் என்று படியிறங்கினாள்.

வாசலில் ஒரு கார் நின்றது. கூரைமேல் இரண்டு பெட்டிகளும் ஒரு தூண்டில் கழியும் கட்டியிருந்தன. ஸ்டியரிங்குக்குப் பின்னால், கறுப்புக் கண்ணாடி போட்ட அம்மாள் ஒருத்தி. ஸுஹூர் தாண்டிப் போகும்போது, அந்த அம்மாள் கார் ஜன்னலை இறக்கித் தலையை நீட்டினாள்.

"ஏம்மா, உள்ள கூட்டம் முடிஞ்சுதா? நான் முன்ஸிர் வீட்டுக்காரி. மூணு வருஷமா கெடக்குதே அவர் ராஜினாமா, இன்னிக்காவது ஏத்துக்கிட்டாங்களா?"