‘பகல் விளக்கு’ விஷயமாகச் சம்பந்தியிடம் ஒரு கோரிக்கை

மரக்காணம்,
வைகாசி மாதம், செவ்வாய்க்கிழமை.

மதிப்பும் மரியாதையும் நிறைந்த சம்பந்தி புருஷோத்தமன் அவர்களுக்கு,

உப்பளம் சுப்ராயன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும், என் மனைவி ரேணுகாவும், பாத்தியில் உப்பும் சௌக்கியம். அங்கே தாங்களும், தங்கச்சி சரஸ்வதியும், மாப்பிள்ளை கௌதமனும், கடையில் டைல்ஸும் ஒரு கீறல் இல்லாமல் இருக்க எல்லாச் சாமியையும் வேண்டிக்கொள்கிறேன். ஐயனாரிடம் நேரிலேயே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

மரக்காணத்திலிருந்து பொம்மையார்பாளையத்துக்குக் கடிதமா, போன் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். போனில் பேசிப் பார்த்தேனே சம்பந்தி. ஒவ்வொரு தடவையும் நான் “வெயில் எப்படி?” என்பேன், நீங்கள் “கொளுத்துது” என்பீர்கள், “இங்கயும் அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு நான் வைத்துவிடுவேன். வெயிலைப் பொறுத்தவரை நம் இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் ஒரு மனஸ்தாபமும் இல்லை. மனஸ்தாபம் இருக்கிற விஷயத்தைப் பேச வாய் வரவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதத்தில் இன்னொரு சௌகரியம், நடுவில் ரேணுகா பிடுங்கிப் பேச முடியாது.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நைலா ஜோ. பெண் பார்க்க நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கு, காபி கொண்டுவந்த இலக்கியாவிடம் மாப்பிள்ளை “பாட்டு கேப்பீங்களா?” என்று கேட்டார். “நைலா ஜோ மட்டும்தான்” என்றாள். மாப்பிள்ளை கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “நானும்தான்” என்றார். அதன் பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசியதில் நமக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் நாம் எல்லோரும் சிரித்துக்கொண்டே இருந்தோம். ஜோசியர் போட்ட பத்துப் பொருத்தத்தோடு இது பதினொன்றாவது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நானும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரே பாடகிக்கு இரண்டு ரசிகர்கள் என்றால் அது பொருத்தம் இல்லை, அது பாகப்பிரிவினை என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

நிச்சயதார்த்தத்தன்று நடந்ததை நீங்கள் பந்தியில் இருந்ததால் முழுதாகப் பார்க்கவில்லை, நான் பக்கத்திலேயே இருந்தேன், அதனால் எழுதுகிறேன். தட்டு மாற்றியாகிவிட்டது, மோதிரமும் போட்டாகிவிட்டது, மைக் செட்காரன் பெண்ணும் மாப்பிள்ளையும் நைலா ரசிகர்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அந்தப் பாடகியின் பாட்டு ஒன்றைப் போட்டான், பாவம் நல்லெண்ணத்தில்தான் போட்டான், அது ‘பகல் விளக்கு’ என்கிற மூன்றாவது ஆல்பத்துப் பாட்டாம், மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாகத் திரும்பி, “அண்ணே, இத மாத்திட்டு அவங்களோட மொத ஆல்பம் ‘கலர் சோடா’ போடுங்க, இது அவங்களோட வீக்கான ஆல்பம்” என்றார். மைக் செட்காரனும் பாட்டைப் பாதியில் வெட்டிவிட்டான். என் மகள் மெதுவாகத் தலையைத் திருப்பி, “எது வீக்கு?” என்று கேட்டாள். சம்பந்தி, அவள் அப்படி மெதுவாகக் கேட்டால் நான் வரப்பு ஓரமாக ஒதுங்கிவிடுவேன். மாப்பிள்ளைக்கு அனுபவம் போதாது, பதில் சொன்னார். முதல் இரண்டு ஆல்பமும் தங்கம், மூணாவதும் நாலாவதும் சுமார், மரியாதை இருக்கிறதால்தான் சொல்கிறேன், சுமாரையும் சூப்பர் என்று சொல்லிவிட்டால் சூப்பர் என்கிற வார்த்தைக்கு என்ன மதிப்பு என்றார். அவளோ, நைலா தன் அம்மாவைப் பறிகொடுத்த வருஷத்தில் பாடிய ஆல்பம் அது, ஒருத்தருடைய நல்ல நாளை மட்டும் கைதட்டி ரசிக்கிறவர் ரசிகரே இல்லை, விருந்தாளி என்றாள். போட்டோகிராபர் இதையெல்லாம் விடாமல் எடுத்துவிட்டான். எல்லாப் படத்திலும் இரண்டு பேரும் ஆளுக்கொரு விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பெரிதாக்கி பிரேம் போட்டுத் தரட்டுமா என்று அவன் நேற்றுகூடக் கேட்டான்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. நைலா ரசிகர்களுக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறதாம், சென்னை முதல் கடலூர் வரைக்கும் ஆட்கள் இருக்கிறார்களாம். பிடிக்காத ஆல்பத்தைக் குறை சொல்லலாமா கூடாதா என்று அங்கே சண்டை மூண்டு, குழு இரண்டாக உடைந்து, ‘குறை சொல்லலாம்’ குழுவுக்கு உங்கள் மகனும் ‘சொல்லக் கூடாது’ குழுவுக்கு என் மகளும் தலைமை ஏற்றுவிட்டார்கள். ரோஜாப்பூ படம் வைத்த ஒரு கணக்கிலிருந்து ‘மூணாவது ஆல்பம் கேட்டால் தூக்கம்தான் வருது’ என்று ஒரு கருத்து வந்தது. ரேணுகா அதற்குக் கீழே ‘தூக்கம் வந்தால் தூங்குங்க, யார் வேணாம்னா’ என்று போட்டுவிட்டாள். அந்த ரோஜாப்பூ தங்கச்சி சரஸ்வதி என்பது எங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது. ரேணுகா சார்பில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பதிலைப் போடுகிற வரைக்கும் ரேணுகா நைலா ஜோவின் ஒரு பாட்டையும் முழுதாகக் கேட்டதில்லை என்பதையும் தங்கச்சியிடம் சொல்லவும், அது ஆறுதலாக இருக்கும்.

சரி, இரண்டு பக்கமும் இப்படிக் கொதித்தால் நடுவில் ஒருத்தன் நியாயமாகக் கேட்டுப் பார்க்க வேண்டாமா என்று எனக்குத் தோன்றியது. அந்தப் புத்தி ஏன்தான் வந்ததோ. உப்பளத்தில் வேலை நடக்கும்போது வரப்பில் ஒரு ஸ்பீக்கர் வைத்திருப்போம், நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பென் டிரைவில் ‘பகல் விளக்கை’ ஏற்றிக்கொண்டு போய்ப் போட்டேன். உப்பு வாரிக்கொண்டிருந்த முத்தம்மாள் பலகையை நிறுத்திவிட்டு, “யாரோ அழுவுறாங்க மொதலாளி, என்னான்னு கேளுங்க” என்றாள். மூன்றாவது பாட்டு வருவதற்குள் அதே முத்தம்மாள், நிறுத்தப் போனவன் கையைத் தட்டிவிட்டு, “கை வெக்காத, ஓடட்டும்” என்றாள். எதிர் வரிசையில் இருந்தவர்கள் இது மழைக்காலப் பாட்டு, இதைப் போட்டால் நிஜமாகவே மழை வந்து உப்பெல்லாம் கரைந்துவிடும், ‘கலர் சோடா’ போடு என்று கூச்சல் போட்டார்கள். உப்பு வாருகிற பலகையை மேலாக்க இழுக்க வேண்டும் சம்பந்தி, அழுத்தினால் அடிச்சேறு ஏறிவிடும். சண்டை போட்டுக்கொண்டே இழுத்தால் யாருக்கு மேலாக்க இழுக்க வரும்? ஆளாளுக்குக் கோபத்தில் அழுத்தினார்கள். அன்றைக்கு எங்கள் பாத்தியில் வந்த உப்பு, நிறத்தில் வெல்லம் மாதிரி இருந்தது.

இப்போது அந்த மூட்டை விஷயத்துக்கு வருகிறேன். நிச்சயம் முடிந்தால் அந்தப் பருவத்து உப்பில் ஒரு மூட்டையை மஞ்சள் துணி சுற்றி, பாட்டுப் போட்டுக்கொண்டு போய்ச் சம்பந்தி வீட்டு வாசலில் இறக்குவது எங்கள் வீட்டு வழக்கம். என் கல்யாணத்தில் நாதஸ்வரத்தோடு போயிற்று. சமாதானத்துக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது என்று, நம் லாரி டிரைவர் பிரபாகரனைக் கூப்பிட்டு, கொட்டகையில் நல்ல மூட்டையாக ஒன்று எடுத்துக்கொண்டு பாட்டுப் போட்டுக்கொண்டு போ என்றேன். கொட்டகையில் முன்னால் இருந்த மூட்டையை எடுத்திருக்கிறான். அதுதான் அந்த வெல்லம். பாட்டுக்கு வரப்பில் இருந்த ஸ்பீக்கரை அப்படியே லாரியில் ஏற்றியிருக்கிறான். பென் டிரைவ் அதிலேயே இருந்திருக்கிறது. ஆக, தெரு பூராவும் எட்டிப் பார்க்க, ‘பகல் விளக்கை’ அலறவிட்டுக்கொண்டு, பழுப்பு உப்பு மூட்டையை உங்கள் வாசலில் இறக்கினது நானே அனுப்பிய ஆள்தான். தங்கச்சி கதவைச் சாத்திக்கொண்டதாகப் பிரபாகரன் சொன்னான். நானாக இருந்தால் ஜன்னலையும் சாத்தியிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், வம்புக்கு அனுப்பவில்லை. அந்த உப்பைத் தயவு செய்து சமையலுக்குப் போட வேண்டாம், தென்னை மரத்தடியில் போடுங்கள்.

இதெல்லாம் போகட்டும். எனக்குப் பயமாக இருப்பது வேறு விஷயம். ஒரு வாரமாக எங்கள் வீட்டில் பாட்டுச் சத்தமே இல்லை. இலக்கியா புதுச்சேரியில் கண்ணாடிக் கடை வேலைக்குப் போகிறாள், வருகிறாள், காதில் எதையோ மாட்டிக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டு இருக்கிறாள். சாப்பிடும்போது ‘ம்’ என்கிறாள். மாப்பிள்ளை போன் பண்ணினாரா என்று கேட்டால் ‘ம்ஹூம்’ என்கிறாள். இவள் எனக்கு ஒரே பெண். மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்ததுபோல வேறு யாரையும் பிடித்து நான் பார்த்ததில்லை. ஒரு பாட்டுக்காக இந்தக் கல்யாணம் நின்றுபோய்விடுமோ என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆவணியில் மண்டபம் கிடைக்காமல் போனாலும் கவலைப்பட மாட்டேன், அவள் சிரிக்காமல் மணவறையில் உட்காருவதை மட்டும் என்னால் பார்க்க முடியாது.

ஆகவே என் கோரிக்கை இதுதான். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, “‘பகல் விளக்கு’ நல்ல ஆல்பம்தான், நான் சொன்னது தப்பு” என்று இலக்கியாவிடம் ஒரே ஒரு தடவை சொல்லச் சொல்லுங்கள். மனசார நினைக்க வேண்டாம், வாயால் சொன்னால் போதும். நானும் ரேணுகாவிடம் முப்பது வருஷமாக அப்படித்தான் சொல்லிவருகிறேன், குடும்பம் நன்றாகத்தான் ஓடுகிறது. சும்மா கேட்கவில்லை, பதிலுக்கு நாங்களும் விட்டுக்கொடுக்கிறோம். நாலாவது ஆல்பம் ‘கண்ணாடி மீன்’ இருக்கிறதே, அதை உங்கள் பக்கத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளுங்கள், இலக்கியா வாயைத் திறக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன். மூணு எங்களுக்கு, நாலு உங்களுக்கு. பெரியவர்கள் நாம் இரண்டு பேரும் இப்படிப் பேசி முடித்துக்கொண்டால் சின்னவர்கள் தானாக வழிக்கு வந்துவிடுவார்கள்.

தங்கள் வீட்டில் பால் பொங்குவதுபோலச் சந்தோஷம் பொங்கவும், கடைக்கு வருகிறவர்கள் விலை கேட்டுவிட்டுப் போகாமல் வாங்கிக்கொண்டு போகவும், தங்கச்சி எங்கள் மேல் உள்ள கோபத்தை மறக்கவும் வாழ்த்தி வணங்கும்,

தங்கள் அன்புச் சம்பந்தி
சுப்ராயன்

பின்குறிப்பு: சம்பந்தி, அவசரம். மேலே எழுதியதில் ஒன்றையும் செய்துவிடாதீர்கள். மாப்பிள்ளையிடம் மூச்சு விட வேண்டாம்.

காலையில் எழுதி முடித்து உறையில் போடப்போகிற நேரத்தில் இலக்கியா வந்து கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். திட்டுவாள் என்று பார்த்தேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அவரு மட்டும் உங்களுக்காக ‘நல்லாருக்கு’ன்னு சொல்லட்டும்பா, அன்னிக்கே மோதிரத்தைக் கழட்டிடுவேன்.”

உட்கார வைத்துக் கேட்டேன். பிறகு விளக்கினாள். ஆல்பத்தைக் குறை சொன்னதற்கு அவளுக்குக் கோபமே இல்லையாம். கேட்காமலேயே பாதியில் வெட்டச் சொன்னதற்குத்தான் கோபமாம். அதன் பிறகு மாப்பிள்ளை ஒரு வாரமாகப் போன் கூடப் பண்ணாமல், ‘பகல் விளக்கை’ முதலிலிருந்து கடைசி வரைக்கும் திரும்பத் திரும்பக் கேட்டு, பாட்டு பாட்டாக என்ன சரியில்லை என்று நேற்றுக் குழுவில் ஒரு பெரிய கட்டுரை எழுதியிருக்கிறார். எல்லாப் பாட்டையும் கிழித்திருக்கிறார். ஐந்தாவது பாட்டுக்கு மட்டும், ‘இதைக் கேட்டப்போ அழுதுட்டேன், இது எப்படி எனக்கு முன்னாடி கேக்காம போச்சுன்னு தெரியல’ என்று எழுதியிருக்கிறார். இலக்கியா இத்தனை நாளாகக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டதும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததும், பதில் கட்டுரைக்குக் குறிப்பு எடுப்பதற்காகத்தானாம். இன்று வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் காலையிலேயே அதையும் போட்டுவிட்டாள். மத்தியானம் அவர் போன் பண்ணி, இரண்டு பேரும் சாயந்திரம் வரைக்கும் சண்டை போட்டார்கள். வீடே அதிர்ந்தது. எனக்கு இரண்டு வேளைச் சோறு ஒரே வேளையில் இறங்கியது.

“பிடிக்காததையே இவ்ளோ கவனமா கேக்கறாருப்பா. எனக்கு இவரு போதும்” என்றாள். சொல்லும்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் சம்பந்தி. ரேணுகா அடுப்படிக்குள் போய் மூக்கைச் சிந்தினாள். நானும் கொஞ்சம் வெளியே போய்விட்டு வந்தேன்.

ஆகவே இந்தக் கடிதத்தில் நலம் விசாரித்ததையும் தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்டதையும் தவிர மற்றது எல்லாவற்றையும் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளவும். மூணு எங்களுக்கு, நாலு உங்களுக்கு என்ற பேச்சும் ரத்து. மாப்பிள்ளை எதை வேண்டுமானாலும் திட்டலாம். கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்றால் பிரபாகரன் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறான், இந்தத் தடவை வெள்ளை உப்பு, மூட்டையைப் பிரித்து நானே பார்த்துவிட்டேன்.

மறு பின்குறிப்பு: மாப்பிள்ளை ஏழாவது பாட்டை ‘இழுவை’ என்று எழுதியிருக்கிறார். நான் அதை வரப்பில் நின்று பல தடவை கேட்டவன். இழுவை கிழுவை ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன், காபி போட்டு வைக்கச் சொல்லுங்கள், அவரோடு எனக்குப் பேச வேண்டியிருக்கிறது.