கொம்பையா மாஸ்டர் போட்ட துண்டு

ஒரு காட்டில் ஒரு கல்லூரி இருந்தது. கல்லூரி என்று வந்துவிட்டால் முதலில் காட்டை வெட்டுவதுதான் வழக்கம். இங்கே வெட்டவில்லை, அதற்கான அனுமதி இன்னும் வந்து சேரவில்லை. நூலகத்தைக் கரையான்கள் பொறுப்பேற்று நடத்தியதில் புத்தகங்கள் முதல் வருடமே தீர்ந்துபோயின. படிப்பு என்று சொல்லிக்கொள்ளும்படி அங்கே எதுவும் கிடையாது. ஆனால் கூடைப்பந்து என்று சொல்லுங்கள், சுற்றுவட்டாரக் காடுகள் எல்லாம் எழுந்து நிற்கும்.

காரணம் கொம்பையா மாஸ்டர். காட்டெருமை. அனைத்து வனக் கல்லூரிக் கோப்பையை அவர் எத்தனை முறை வாங்கிக் கொடுத்தார் என்பதில் கல்லூரிக்கே குழப்பம் உண்டு. ஒவ்வொரு முறை ஃப்ளெக்ஸ் அடிக்கும்போதும் எண்ணிக்கை ஒன்று கூடிவிடும். டைம் அவுட் கேட்டால் மற்ற கோச்சுகள் தொண்டை கிழியக் கத்துவார்கள். கொம்பையா மாஸ்டர் கத்தமாட்டார். இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி வாயை மெல்ல அசைப்பார். ஏதோ ஆழமாக யோசிக்கிறார் என்று காடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். அவர் அசைபோட்டது காலையில் மேய்ந்த புல்லை. அவருக்கு ஆட்டம் தெரியாது என்று சொல்ல வரவில்லை. தெரியும். அதைவிட நன்றாக நடுவரை முறைக்கத் தெரியும்.

அவர் அசைபோடும் நேரத்தில் பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி, யார் யாரை மறிக்க வேண்டும், பந்து யார் கைக்குப் போக வேண்டும் என்று சொன்னது துணைக் கோச் வேலப்பன். முள்ளம்பன்றி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ வீசிய பந்தை ஆசையாக ஓடிப்போய் வாங்கினான். பந்து வெடித்தது. அன்றிலிருந்து பந்தைத் தொடக்கூடாது என்று உத்தரவு. பாவம், தொடாமலே சொல்லிக்கொடுத்தான்.

வேலப்பன் அடக்கமானவன் என்று நினைத்துவிடாதீர்கள். அவனுக்கு அந்த இரும்பு நாற்காலி வேண்டும். குளத்தில் தண்ணீர் குடிக்கப் போனால்கூடத் தன் நிழலைப் பார்த்துத் தலைமைக் கோச் மாதிரி முறைத்துப் பழகுவான். அவனை அப்படி ஆசைகாட்டி வைத்ததும் கொம்பையா மாஸ்டர்தான். முதுகு அரிக்கும்போதெல்லாம் அவனைக் கூப்பிடுவார். முள்ளால் சொறிந்துவிடுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சுகத்தில் கண் சொருகியபடி, "எனக்கப்புறம் நீதான்டா வேலப்பா" என்பார். அரிப்பு அடங்கியதும் அந்தப் பேச்சை எடுக்கமாட்டார்.

ஒருநாள் மாஸ்டர் ஓய்வு பெற்றார். மைதானத்திலேயே பாராட்டு விழா. போர்த்திய சால்வைகளில் கொம்பு மட்டும்தான் வெளியே தெரிந்தது. வாழ்த்துரை வழங்கியவர்கள் யாரும் இரண்டு நிமிடத்தில் முடிப்பதாகச் சொல்லிவிட்டு இரண்டு நிமிடத்தில் முடிக்கவில்லை. எல்லாம் ஓய்ந்ததும் மாஸ்டர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அதை நாற்காலியில் போட்டார். போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள், எழுந்து போனார், அப்படியே வண்டி ஏறிவிட்டார்.

மறுநாள் காலையில் வேலப்பன் குளித்து, முட்களைப் படிய வாரி, கழுத்தில் புது விசிலோடு மைதானத்துக்கு வந்தான். நாற்காலியில் துண்டு கிடந்தது. அதை எடுக்கப் போனான்.

"கையை எடுங்க சார்!" என்று ஒரு கத்தல். அணித் தலைவி மரகதம். நீண்ட கைகளுள்ள மந்தி. "துண்டு போட்டிருக்கு, பாக்கலையா?"

"பாத்தேன். அதைத்தான் எடுக்கப் போறேன்."

"ஐயையோ, இடம் பிடிச்சு வச்சிருக்கார் சார். அதுல போய் உக்காருவீங்களா?"

வேலப்பனின் கை அந்தரத்தில் நின்றது. உங்களுக்கும் எனக்கும் தெரிந்த சட்டம்தான் இது. கூட்டமான பேருந்தில் ஜன்னல் வழியாக ஒரு துண்டை எறிந்துவிட்டால் அந்த இருக்கை எறிந்தவருக்குச் சொந்தம். அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தவன் நிம்மதியாக ஊர் போய்ச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அரசாங்கம் போட்ட சட்டமாக இருந்தால் மீறியிருப்போம். இது நாமே போட்டது.

விஷயம் தேர்வுக் குழுவுக்குப் போனது. தலைவர், கல்லூரித் தாளாளர் கூழைக்கடா. அலகுக்குக் கீழே பெரிய பை வைத்திருப்பவர். மாணவர் சேர்க்கைக் காலத்தில் அவரால் பறக்க முடியாது. உறுப்பினர், கல்லூரி முதல்வர் ஆமை. யாராவது முடிவு கேட்டால் அவர் தலை ஓட்டுக்குள் போய்விடும்.

"மாஸ்டர் சும்மா போட்டுட்டுப் போகமாட்டார். யாருக்கோ இடம் பிடிச்சு வச்சிருக்கார்" என்றார் கூழைக்கடா.

"எனக்குத்தான் சார்" என்றான் வேலப்பன். "அவரே சொல்லியிருக்கார். எனக்கப்புறம் நீதான்னு."

"எப்போ சொன்னார்?"

"முதுகு சொறிஞ்சுவிடறப்போ."

கூழைக்கடா முதல்வரைப் பார்த்தார். முதல்வரின் தலை உள்ளே போயிருந்தது. அதையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டு தீர்மானம் போட்டார்கள். உரியவர் வரும் வரை துண்டு நாற்காலியில் இருக்கும். வேலப்பன் துண்டுக்குத் துணைக் கோச்சாகத் தொடர்வான்.

சரி, உரியவர் சீக்கிரம் வந்து தொலையட்டும் என்று வேலப்பன் வேலையைப் பார்த்தான். அந்த வருடம் அவன் உழைத்த மாதிரி என்றுமே உழைத்ததில்லை. முயல்களுக்குத் தாவச் சொல்லிக்கொடுத்தான், கடமானுக்குக் கொம்பை வைத்துக்கொண்டு திரும்பச் சொல்லிக்கொடுத்தான். வெயிலில் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று தொண்டை வற்றக் கத்தினான். கோப்பை கிடைத்தது.

மாலையைத் துண்டுக்குப் போட்டார்கள். 'பதறாத துண்டு, சிதறாத அணி' என்று பத்திரிகையில் தலைப்பு. மற்ற கோச்சுகள் மைதானத்தில் குதிக்கிறார்கள், இதைப் பாருங்கள், என்ன நிதானம் என்று நிபுணர்கள் வியந்தார்கள். தினமும் காலையில் வாட்ஸாப்பில் துண்டின் படமும் கீழே ஒரு காலை வணக்கமும் வந்தன. வெளிக்காட்டில் வசதியாக இருந்த முன்னாள் மாணவர்கள் சேர்ந்து நாற்காலிக்கு மேலே ஒரு மின்விசிறி மாட்டிக் கொடுத்தார்கள். வேலப்பன் நின்ற இடத்துக்குக் காற்று வரவில்லை.

அவனுக்கு வயிறு எரிந்தது. போயும் போயும் ஒரு துணியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. நேரே கொம்பையா மாஸ்டரைத் தேடிப் போனான். அவர் ஒரு சேற்றுக் குட்டையில் கழுத்தளவு கிடந்தார்.

"மாஸ்டர், அந்தத் துண்டை யாருக்காகப் போட்டீங்க?"

"எந்தத் துண்டு?"

"நாற்காலியில போட்டுட்டு வந்தீங்களே."

"அங்கயா இருக்கு?" என்றார் மாஸ்டர். "எங்கடா போச்சுன்னு வீடு பூரா தேடிக்கிட்டிருக்கேன். மறந்து வச்சுட்டு வந்துட்டேன் போல."

வேலப்பனுக்கு உயிர் வந்தது. "அதை மட்டும் ஒரு வார்த்தை வந்து சொல்லிடுங்க மாஸ்டர். போதும்." நடந்ததையெல்லாம் கொட்டினான். மாலை, பத்திரிகை, மின்விசிறி எல்லாம். கேட்கக் கேட்க மாஸ்டரின் வாய் அசைவது நின்றுவிட்டது.

"என் துண்டு ஜெயிச்சுதுன்னா பேசிக்கிறாங்க?"

"ஆமா மாஸ்டர்."

"கொம்பையா துண்டுன்னு பேரைச் சொல்லித்தானே?"

"ஆமா மாஸ்டர்."

மாஸ்டர் கொஞ்ச நேரம் அசைபோட்டார். இந்த முறை நிஜமாகவே யோசித்தார். "அது அங்கேயே கிடக்கட்டும்டா" என்றார். "அப்படியே இந்தப் பக்கம் வா. முதுகு அரிக்குது."

வேலப்பன் சொறிந்துவிட்டான், அதைச் சொல்லவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் திரும்பி வரும் வழியில் ஒரு முடிவுக்கு வந்தான். துண்டு என்ன கிழிக்கிறது என்று காடே பார்க்கட்டும்.

அடுத்த வருட இறுதிப் போட்டியில் அவன் வாயைத் திறக்கவில்லை. டைம் அவுட்டில் மரகதம் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "சார், என்ன பண்றது?"

"துண்டைக் கேளு."

கேட்டாள். எல்லோரும் நாற்காலியைச் சுற்றி நின்று மரியாதையாகக் கேட்டார்கள். மின்விசிறிக் காற்றில் துண்டின் ஒரு முனை இடதுபக்கம் ஆடியது. மொத்த அணியும் இடதுபக்கம் ஓடியது. கூடை வலதுபக்கம் இருந்தது. தோல்வி என்றால் அப்படியொரு தோல்வி. எதிரணி ஆமைகள், அவர்களுக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது.

மறுநாளே விசாரணை. வேலப்பன் தலை நிமிர்ந்து போனான். இனியாவது புரிந்திருக்கும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை.

"ஜெயிச்சப்போ இருந்த அதே துண்டு" என்று ஆரம்பித்தார் கூழைக்கடா. "அதே நாற்காலி. துண்டு ஒரு இம்மிகூட நகரல. அப்போ தப்பு யார்மேல?"

"சார், நான் பேசாம இருந்தேன். அதனாலதான் தோத்தோம்!"

"பாத்தீங்களா, அவனே ஒத்துக்கிட்டான்."

பதவி நீக்க உத்தரவில் கையெழுத்து விழப்போகும் நேரத்தில் வாசல் இருண்டது. கொம்பையா மாஸ்டர் வந்து நின்றார். தோல்விச் செய்தி சேற்றுக் குட்டை வரை போயிருந்தது. கொம்பையா துண்டு மண்ணைக் கவ்வியது என்று பேரைச் சொல்லித்தான் பேசிக்கொண்டார்கள்.

"போதும்" என்றார். "துண்டை எடுங்க. நானே திரும்ப வந்து உக்காந்துக்கறேன்."

கூழைக்கடா எழுந்து கும்பிட்டார், சால்வை போர்த்தினார். பிறகு பணிவாகச் சொன்னார்: "உக்கார முடியாதே மாஸ்டர். இடம் பிடிச்சு வச்சிருக்கு."

"அதை வச்சதே நான்தான்யா! மறந்து வச்சுட்டுப் போனது!"

கூடம் அதிர்ந்தது. கூழைக்கடாவின் முகம் சிவந்தது. "கொம்பையா மாஸ்டருக்கு மறதின்னு யார் சொன்னாலும் இந்தக் கல்லூரி பொறுத்துக்காது. அது நீங்களே ஆனாலும் சரி."

மாஸ்டர் முறைத்தார். முறைத்தால் அடங்குவது நடுவர்கள்தான், தாளாளர் இல்லை. தவித்துப்போய் இந்தப் பக்கம் திரும்பினார். "வேலப்பா, நீ சொல்லுடா. நீ குட்டைக்கு வந்து கேட்டப்போ நான் என்ன சொன்னேன்?"

எல்லோரும் வேலப்பனைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் துண்டு போகும். மாஸ்டர் உட்காருவார். சாகும்வரை உட்காருவார். அந்த முதுகு அவன் கண்முன் வந்தது.

"நான் கேட்டேன் சார்" என்றான் வேலப்பன். "'அது அங்கேயே கிடக்கட்டும்'னு மாஸ்டர் அவர் வாயாலயே சொன்னார்."

அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. மாஸ்டரின் வாய் மட்டும் அசைந்தது, உள்ளே புல்கூட இல்லை. ஆமையின் தலை வெளியே வந்து எட்டிப் பார்த்தது.

கூழைக்கடா மேசைமேல் சாய்ந்தார். "துண்டைப் பத்தி வேற என்ன சொன்னார்?"

அவர் குரலில் இப்போது அதிகாரம் இல்லை, பக்தி இருந்தது. வேலப்பன் கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். இத்தனை வருடம் கத்திக் கத்தி அவன் சொன்னதை ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை.

"நிறைய சொன்னார்" என்றான் மெதுவாக. "எல்லாத்தையும் இங்க வச்சுச் சொல்ல முடியாது."

பதவி நீக்க உத்தரவைக் கூழைக்கடாவே கிழித்தார். வேலப்பன் அன்றே 'தனி அலுவலர் (துண்டு)' ஆனான். நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி வந்தது, மெத்தை வைத்தது. மின்விசிறியை இரண்டுக்கும் பொதுவாக நகர்த்தி மாட்டினார்கள். கொம்பையா மாஸ்டருக்குப் போட்டிகளின்போது முன்வரிசையில் இடம் தருவதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தார், அங்கே யாரோ கைக்குட்டை போட்டிருந்தார்கள்.

இப்போது டைம் அவுட்டில் வேலப்பன் துண்டின்மேல் குனிந்து காதை வைக்கிறான். நிமிர்ந்து, "கடமான் உள்ள போகணுமாம், முயல் வெளிய நிக்கணுமாம்" என்கிறான். ஜெயித்தால் துண்டின் கருணை. தோற்றால், சொன்னதை அணி சரியாகக் காதில் வாங்கவில்லை. அப்படி ஒரு தோல்விக்குப் பிறகு ஒருநாள் மரகதம் தயங்கித் தயங்கி வந்தாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. துண்டு நிஜமாவே பேசுதா?"

"ஏன், உனக்குக் கேக்கலையா?" என்றான் வேலப்பன். அவன் முட்கள் லேசாக நிமிர்ந்தன. அவள் இடத்துக்கு இரண்டு மந்திகள் வெளியே காத்திருந்தன.

"கேக்குது சார்" என்றாள் மரகதம்.

நீதி: பெரியவர் எழுந்துபோன நாற்காலியில் உட்கார ஆசைப்பட்டு வீணாய்ப் போகாதே, அதில் கிடக்கும் துணிக்கு நீ வாயாக இரு.